முழங்கால் நேரம்

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருப்பது விடியற்காலையில் மட்டும்தான். அவர் பார்சல் கிடங்கில் இரவு வேலை முடித்து வருவார். நான் லாண்ட்ரிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதற்குப் பிறகு அவருக்கு இறையியல் கல்லூரி. மத்தியானம் வந்து கொஞ்சம் கண்ணை மூடுவார், மீதி நேரம் படிப்பார். நான் வேலை முடிந்து படி ஏறும்போது அவர் படி இறங்குவார். படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு "சோறு அடுப்பு மேல இருக்கு", "சரிங்க", அவ்வளவுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சபை. கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து இப்படித்தான்.

கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஜெபம் பண்ணுவார்.

முதல் நாள் வந்தவுடன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பார்சல் டேப்பை உரித்துக் குப்பையில் போட்டார். முகம் கழுவினார். "ஜெபம் பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரமாக முழங்கால் போட்டு, முழங்கைகளை மெத்தையில் ஊன்றி, கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் டீ போட்டுவிட்டுக் காத்திருந்தேன். டீ ஆறியது. சூடு பண்ணினேன். அதுவும் ஆறியது. நான் கிளம்பும் வரை அவர் அசையவே இல்லை. சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் குடியிருப்பில் இருப்பது எல்லோரும் கல்யாணமான மாணவர்கள். சுவர் அட்டை மாதிரி. பக்கத்து வீட்டு அண்ணன் ஜெபம் பண்ணினால் எங்கள் வீட்டு டம்ளர் அதிரும். வகுப்பில் அவருக்கு மைக் என்று பெயர். அவர் அவ்வளவு சத்தத்தோடு பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். சத்தமே இல்லாமல் ஒருவர் இவ்வளவு நேரம் ஜெபிக்கிறார் என்றால் அது ரொம்ப ஆழமான சமாச்சாரமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மைக் அண்ணனின் மனைவி ஒருநாள் துணி காயப்போடும் இடத்தில் கேட்டார்.

"உங்க வீட்ல ஜெபச் சத்தமே கேக்க மாட்டேங்குதே?"

"அவர் உள்ளுக்குள்ளேயே பண்ணுவார்க்கா."

"எவ்வளவு நேரம்?"

"நான் கிளம்புற வரைக்கும். அதுக்கப்புறமும் பண்றார்னுதான் நினைக்கிறேன்."

அவர் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு எங்கள் ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். அந்த வாரமே எங்கள் சபை முழுக்க அது பரவிவிட்டது.

அத்தையிடம் சொன்னதும் நான்தான். புது மருமகள் மாமியாரிடம் போனில் என்ன பேசுவது? சமையலைப் பற்றிப் பேசினால் மாட்டிக்கொள்வேன். அதனால், "உங்க பிள்ளை தினமும் காலையில ஒரு மணி நேரம் முழங்கால்ல நிக்கிறார் அத்தை" என்றேன்.

"இங்க இருந்தப்ப அவனை எழுப்பி எழுப்பி என் தொண்டை வத்திப் போகும்" என்றார் அத்தை. "கல்யாணம் பண்ணி வெச்சது வீண் போகலை."

அதன் பிறகு ஜெபக் குறிப்புகள் வர ஆரம்பித்தன. அத்தைக்கு மூட்டு வலி. நாத்தனார் மகளுக்குப் பரீட்சை. சித்தப்பாவுக்கு விசா. ஜெபக் குறிப்பு அனுப்புகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்; அக்கா, உன் வீட்டு ஓனர் தகராறும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. நான் கிளம்பும் முன்பு குனிந்து அவர் காதருகில் மெதுவாகச் சொல்வேன்.

"அத்தைக்கு மூட்டு வலி."

"ம்."

"சித்தப்பாவுக்கு இன்னும் விசா வரலை."

"ம்ம்."

ஜெபத்தில் மூழ்கியிருப்பவர் அப்படித்தான் பதில் சொல்வார் என்று இருந்துவிட்டேன். அத்தைக்கு வலி குறைந்தது. மகனுடைய ஜெபத்தால்தான் குணமாயிற்று என்று அவர் சபையில் எழுந்து நின்று சாட்சியே சொன்னாராம். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத ஆட்களின் வியாதியெல்லாம் போனில் வந்தது.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கையில் டீயை வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச நினைத்ததையெல்லாம் பேசாமலே கிளம்பிவிடுவேன். ஆனால் யாரோடு போட்டி போடுவது? கடவுளோடு முறைத்துக்கொள்ள முடியுமா? அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

லாண்ட்ரியில் எங்களுக்கு வருவது ஹோட்டல் படுக்கை விரிப்புகள். ஈரம் முழுதாகப் போகாத விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து இழுத்து, சூடான ரோலருக்குள் விட வேண்டும். ஒருத்தி கை தளர்ந்தாலும் துணி கோணலாக உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். மெஷினை நிறுத்த வேண்டியதுதான். எனக்கு எதிர்முனை பிடிப்பவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுருக்கு அக்கா. ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் விட மாட்டார். நாள் முழுக்க எதிரெதிரே நின்று வேலை. புருஷன் முகத்தைவிட நான் அதிகம் பார்ப்பது அவர் முகத்தைத்தான்.

"கல்யாணமான புதுசு, அந்த ஒரு மணி நேரத்தையும் சாமியா எடுத்துக்குது?" என்று கேட்டார்.

"ஊழியத்துக்குப் படிக்கிறவர்க்கா. அப்படித்தான் இருக்கணும்."

"எங்க ஆளு ஒரு மணி நேரம் அசையாம இருந்தா நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுருவேன்."

"உங்களுக்கு நம்பிக்கை கிடையாது, அதான்."

"நம்பிக்கையெல்லாம் இருக்கு. எங்க ஆளு மேலதான் இல்லை. முனையை இழு, கோணுது பாரு."

அந்த மாதத்தில்தான் சபையில் அந்த வேலை விஷயம் வந்தது. பாஸ்டருக்கு ஓர் உதவி ஊழியர் தேவைப்பட்டார். படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. மாலையில் சபையார் வீடுகளுக்குப் போய் ஜெபிப்பது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, அவ்வளவுதான். சபைக்குப் பின்னால் இரண்டு அறைகள் தருவார்கள். அது கிடைத்தால் அவர் கிடங்கை விட்டுவிடலாம். எல்லோரையும் போல இரவில் வீட்டில் தூங்கலாம். களப்பணிக்காக அந்தச் சபைக்கு வருகிற மாணவர்கள் இரண்டே பேர், இவரும் மைக் அண்ணனும்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் இவர் தோளில் கை போட்டார்.

"தம்பி, அடுத்த ஞாயிறு இளம் தம்பதிகள் கூட்டம் இருக்கு. குடும்ப ஜெபத்தைப் பத்தி நீங்க பேசுங்க. பெரிய பிரசங்கமெல்லாம் வேணாம். காலையில நீங்க பண்றீங்களாமே, அதையே சொல்லுங்க. அதைக் கேட்டுட்டு நான் சபை மூப்பர்கள்கிட்ட வேலை விஷயத்தைப் பேசிடறேன்."

"சரிங்க ஐயா" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டது. அடக்கம் என்று நினைத்தேன்.

பாஸ்டரம்மா அந்த அறைகளைத் திறந்து காட்டினார். சமையலறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாசர் மாற்றினால் சரியாகிவிடும். ஜன்னலுக்குக் கீழே கட்டில் போடலாமா என்று நான் கையை விரித்து அளந்து பார்த்தேன். அவர் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் லாக்கர் சாவியை வீட்டில் விட்டுவிட்டேன். பேருந்து நிறுத்தம் வரை போய் ஞாபகம் வந்து திரும்பினேன். கதவைத் திறந்ததும் போன் அலாரம் அடிப்பது கேட்டது. சத்தம் தலையணைக்கு அடியிலிருந்து வந்தது. அவர் நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே, அதே மாதிரி முழங்காலில்தான் இருந்தார். ஆனால் முகம் கையிலிருந்து வழுக்கி மெத்தையில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. விரிப்பில் ஒரு கை அகலத்துக்கு ஈரம். கல்லூரிப் பாடத்துக்காகக் கிரேக்க வினைச்சொற்களை எழுதி வைத்திருந்த அட்டை ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குறட்டை பெரிதாக இல்லை, ஆனால் குறட்டைதான்.

"ஏங்க" என்று தோளைத் தொட்டேன்.

கண்ணைத் திறக்காமலே நிமிர்ந்து, "ஆமென்" என்றார்.

பிறகு கை தானாகத் தலையணைக்கு அடியில் போய் அலாரத்தை நிறுத்தியது. தேடவில்லை, தடவவில்லை. தினமும் அங்கேயே போய்ப் பழகின கை. அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

அவர் கன்னத்திலிருந்து அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று குரலைத் தாழ்த்தினார்.

"முதல் நாள் நிஜமாவே ஆரம்பிச்சேன். எங்க விட்டேன்னு தெரியலை."

"சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்குச் சாயங்காலம் படியில வெச்சு நீ என்ன சொன்ன? 'உங்களைப் பாத்து எனக்கே வெக்கமா இருந்துச்சுங்க'ன்னு சொன்ன. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? மறுநாள் நிஜமா பண்ணிட்டா சரியாயிடும்னு பாத்தேன். மறுநாளும் அதே கதை. அப்புறம் அம்மா போன் பண்ணி அழுதாங்க."

"தூக்கம் வந்தா ஏறிப் படுக்க வேண்டியதுதானே? கட்டில் மூக்குக்கு நேராதானே இருக்கு?"

"படுத்தா அது தூக்கம். முழங்கால்ல இருந்தா முயற்சி பண்ணேன்னாவது சொல்லிக்கலாம்."

நான் சாவியை எடுத்துக்கொண்டேன். போயிருக்கலாம். போக முடியவில்லை.

"அந்த நேரத்தை நான் யாருக்கு விட்டுக்கொடுத்தேன்? கடவுளுக்குன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தூக்கத்துக்குக் கொடுக்கலை. நீங்க படுத்திருந்தா நானும் பக்கத்துல படுத்திருப்பேன்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் மைக் அண்ணன் உலக சமாதானத்துக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

லாண்ட்ரிக்குத் தாமதமாகப் போனேன். சுருக்கு அக்கா விரிப்பின் முனையை என்னிடம் நீட்டி, "மூஞ்சி ஏன் பிழிஞ்ச துணி மாதிரி இருக்கு?" என்றார்.

"தூங்குறார்க்கா."

"யாரு?"

"அவர்தான். அந்த ஒரு மணி நேரமும்."

அவர் இரண்டு முனையையும் விட்டுவிட்டார். விரிப்பு கோணலாக உள்ளே போய் மெஷின் நின்றது. சுருக்கு அக்காவால் மெஷின் நின்றதை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப ஆம்புலன்ஸ் வேண்டாம்" என்றார், சிரித்துச் சிரித்து நிறைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எதைப் பேசுவார் என்ற பயம்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் அவர் முழங்கால் போடவில்லை. மேஜையில் என் எதிரே உட்கார்ந்தார். இத்தனை நாள் கழித்து அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கே கிடைத்தது. என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "டீல சர்க்கரை சரியா இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் டம்ளரைப் பிடித்தபடியே கண் சொருகியது. டீ சரியும் முன் நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். ஞாயிறு வரை இதேதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நடந்து போகும்போது நான் பேச்சை எடுத்தேன்.

"ஏங்க, இன்னிக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பொதுவாப் பேசுங்க. முதல்ல அந்த வேலை கிடைக்கட்டும். கிடங்கை விட்டுட்டா ராத்திரி ஒழுங்காத் தூங்குவீங்க. காலையில நிஜமாவே ஒரு மணி நேரம் பண்ணுங்க. அப்ப அது பொய் இல்லைல்ல?"

"இப்ப சொல்றது?"

"கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்வளவுதான்."

அவர் நின்று என்னைப் பார்த்தார். "என்னைவிட உனக்குத்தான் இறையியல் நல்லா வருது" என்றார். சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கூட்டம் சபையின் பக்கத்து அறையில். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு மேஜையில் பிளாஸ்க், பிஸ்கட். பாஸ்டர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மைக் அண்ணனும் மனைவியும் எனக்கு எதிர்ப்பக்கம். இவர் நன்றாகவே பேசினார். ஜெபத்துக்குக் கிரேக்கத்தில் உள்ள சொற்களை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று சொன்னார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் அந்த ஜன்னலுக்குத் திரை தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது ஒருவர் கையைத் தூக்கினார். பேருந்து ஓட்டுநர். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பிரதர், ஒரு சந்தேகம். நானும் ஷிப்டுதான். வந்து முழங்கால் போட்டா அஞ்சு நிமிஷத்துல கண்ணு சொருகிடுது. நீங்களும் ராத்திரி வேலைதானாமே, எப்படி ஒரு மணி நேரம் நிக்கிறீங்க? அதை மட்டும் சொல்லிக் கொடுங்க. நாளையிலருந்து நானும் அப்படியே பண்றேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சட்டென்று தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். வீட்டில் டீ ஆறிக்கொண்டிருக்கப் போகிறது என்று அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

இவரும் அவளைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன்.

"நான் நிக்கிறதில்லை" என்றார். "தூங்கிடறேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"எப்பவாவதா பிரதர்?"

"எல்லா நாளும். முழங்கால் போட்டு ரெண்டு நிமிஷத்துல தூங்கிடுவேன். என் மனைவி நான் ஜெபம் பண்றேன்னு நினைச்சு டீயை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அவளுக்கும் எனக்கும் ஒரு நாள்ல இருக்கிறதே அந்த நேரம்தான். அதை இவ்வளவு நாள் நான் வீணாக்கிட்டேன். நீங்க என்னைப் பாத்துப் பண்ணாதீங்க. ரெண்டு பேரும் சேந்து ரெண்டு நிமிஷம் பண்ணுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் படுங்க."

"படுக்கலாமா?" என்று அந்த ஓட்டுநர் கேட்டார், யாரோ அதிகாரியிடம் அனுமதி கேட்பது போல.

"படுங்க."

பாஸ்டர் எழுந்து ஒரு சின்ன ஜெபத்தோடு கூட்டத்தை முடித்துவிட்டார். எல்லோரும் பிஸ்கட் பக்கம் போனார்கள். மைக் அண்ணனின் மனைவி என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பிளாஸ்க்கைத் திறந்து திறந்து மூடினார். பாஸ்டர் எங்களைக் கதவோரம் நிறுத்தினார். கோபம் ஒன்றும் இல்லை. சலிப்புதான் தெரிந்தது.

"உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். ஆனா தம்பி, மூப்பர்கள்கிட்ட நான் என்னன்னு சொல்றது? ஒரு மணி நேரம் ஜெபிக்கிற பையன்னுல்ல சொல்லி வெச்சிருக்கேன்."

"தூங்குற பையன்னு சொல்லுங்க ஐயா."

பாஸ்டர் சிரிக்கவில்லை.

வேலை மைக் அண்ணனுக்குப் போனது. தப்புச் சொல்ல முடியாது, அவர் நிஜமாகவே ஜெபிக்கிறவர். அதற்குச் சுவரே சாட்சி. அவர்கள் காலி பண்ணிய அன்று நான் போய்ப் பெட்டி கட்டிக் கொடுத்தேன். அவர் மனைவி துணி கிளிப்புகளை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "அங்க கொடி உள்ளேயே இருக்குதாம்" என்றார். "சமையலறைக் குழாய் சொட்டும், வாசர் மாத்தச் சொல்லுங்கக்கா" என்றேன். இப்போது எங்கள் டம்ளர் அதிர்வதில்லை.

அந்த வாரம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. படியில் இடித்துக்கொண்டபோது "சோறு அடுப்பு மேல இருக்கு" என்று அவர் சொல்வார், நான் "சரிங்க" கூடச் சொல்லாமல் ஏறிவிடுவேன். அவர் கேட்காத ஒரு ஜன்னலுக்காக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு காலையில் வந்து, டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டார். பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார். "வா, ரெண்டு நிமிஷம்" என்றார்.

போனேன். அவர் சத்தமாகவே ஜெபித்தார், சுவருக்கு அந்தப் பக்கம்தான் யாரும் இல்லையே. முடித்துவிட்டு ஏறிப் படுத்தார். நானும் வேலைக்குப் போகிற சீருடையோடு பக்கத்தில் படுத்தேன். அலாரம் இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அவர் உடனே தூங்கிவிடுகிறார். நான் தூங்குவதில்லை. அன்று நடந்ததை அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். நடுநடுவே "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கிடங்கு வேலை அப்படியேதான் இருக்கிறது. கிரேக்கப் பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டார்.

அத்தையிடம் அவரே போனில் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

"அப்ப என் மூட்டு வலியை யாருடா சரி பண்ணது?"

"நீங்க தைலம் தேய்ச்சீங்கல்லம்மா?"

"தேய்ச்சேன். தைலத்துக்கு யாராவது எழுந்து நின்னு சாட்சி சொல்லுவாங்களா? சபையில இனி எப்படி முகத்தைக் காட்டுவேன்?" பிறகு, "தினமும் அவ்வளவு நேரம் முழங்கால்லயே தூங்கினா உன் மூட்டு என்னத்துக்கு ஆகும்? அவகிட்ட போனைக் கொடு" என்றார். இந்தத் தடவை என்னிடம் சமையலைப் பற்றித்தான் கேட்டார். மாட்டிக்கொண்டேன்.

சீருடை தினமும் கசங்கித்தான் போகிறது. சுருக்கு அக்கா கண்ணுக்கு அது தப்புமா? முனையை நீட்டும்போதே முதுகைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் ஜெபமா?" என்று கேட்கிறார்.

அதனால் ஜெபக் குறிப்பு அனுப்புகிறவர்கள் தொடர்ந்து அனுப்புங்கள். ஆனால் சுருக்கமாக அனுப்புங்கள், அவர் தூங்குவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். சித்தப்பாவின் விசா இன்னும் வராததால் அதை விடவில்லை. அக்கா, இந்த வாரம் உன் வீட்டு ஓனரைத்தான் முதலில் வைத்திருக்கிறோம்.